பெயர் தெரியும் இருக்கை

தில்லியில் நாலு பேர் கூடினால் சர்க்கார் ஆபீஸ் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். அந்த செக்‌ஷனில் இருப்பவர் கறாரானவர், இந்த செக்‌ஷனில் இருப்பவர் கை நீட்டுகிறவர் என்று அது பெரும்பாலும் ஆட்களைப் பற்றியே போகும். ஒருவர் செய்த காரியத்துக்குக் காரணத்தை அவருடைய குணத்தில் மட்டும் தேடி, அவர் எங்கே, எந்த ஏற்பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கவனிக்காமல் விடும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர் லீ ராஸ் 1977இல் அடிப்படையான பிழை என்றே குறிப்பிட்டார். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே கர்ட் லெவின், நடத்தை என்பது ஆளும் சூழலும் சேர்ந்து விளைவது என்று எழுதிவிட்டார். லெவின் சொன்னது சரி. ஆனால் சூழல் என்ற சொல்லுக்குள் சம்பளம், மேலதிகாரி, சாதி, ஊர் வழக்கம் எல்லாமே அடங்கிவிடுகின்றன. அவற்றுள் அலுவலகத்தில் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தை மற்றவற்றைவிட வலுவாகத் தீர்மானிப்பது ஒன்று உண்டு: இதைச் செய்தவர், அல்லது செய்யாமல் வைத்திருப்பவர், இன்னார் என்று பெயர் சொல்லிக் கேட்க வழி இருக்கிறதா என்பதே அது. இந்த வாதத்துக்கான சான்றுகளில் இரண்டு இதே நகரத்தில் கிடைக்கின்றன.

முதலாவது, ஓட்டுநர் உரிமம் பற்றிய ஆய்வு. மரியான் பெர்ட்ராண்ட், சிமியோன் ஜான்கோவ், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய நால்வரும் தில்லியில் நடத்தி 2007இல் வெளியிட்டது. உரிமம் வாங்க முனைந்த 822 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். சீக்கிரம் உரிமம் வாங்கினால் 2,000 ரூபாய் என்று ஒரு குழுவுக்குச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவதை அதன் போக்கில் விட்டார்கள். உரிமம் பெற்றவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் ஓட்டுநர் தேர்வுக்கே போகவில்லை. ஆய்வாளர்கள் தாங்களே தனியாக ஓட்டச் சொல்லிப் பார்த்தபோது, 62 சதவீதம் பேருக்கு உரிமத்துக்கான தகுதி இல்லை என்று தெரிந்தது. இவற்றைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. முறைகேடாகக் கைமாறிய பணம் ஏறக்குறைய முழுவதும் தரகர்கள் வழியாகவே போயிருக்கிறது. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் வாய் திறந்து கேட்கவில்லை. விண்ணப்பித்தவரும் பெரும்பாலும் அவர் கையில் நேரடியாகக் கொடுக்கவில்லை. இருவருமே தம்மை யோக்கியர்களாக நினைத்துக்கொண்டு வீடு திரும்பலாம். வண்டி ஓட்டத் தெரியாத ஒருவர் ரிங் ரோட்டில் ஏறிவிட்டார். அவரை ஏற்றிவிட்டவர் யார் என்று கேட்டால் எந்த விரலும் எந்தப் பெயரையும் சுட்டாது. அங்கிருந்த அத்தனை பேரும் இயல்பிலேயே கெட்டவர்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏற்பாடு செயலையும் பெயரையும் வெட்டிப் பிரித்து வைத்திருந்தது.

இரண்டாவது, ரேஷன் கார்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், லியோனிட் பைசாகின், பால் பின்டோ இருவரும் தில்லியின் குடிசைப் பகுதி மக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தனர். ஒரு பிரிவினர் தொண்டு நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதத்தை இணைத்தனர். ஒரு பிரிவினர் லஞ்சம் கொடுத்தனர். ஒரு பிரிவினர் தங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமை மனு போட்டனர். பரிந்துரைக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. மனு போட்டவர்களுக்கோ, லஞ்சம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த வேகத்துக்குச் சற்றே பின்னால் கார்டு வந்தது. அதே அலுவலகம், அதே சம்பளம், அதே ஊழியர்கள். மாறியது அந்தப் பத்து ரூபாய் மனு மட்டும். அதற்கு முப்பது நாளில் பதில் தர வேண்டும். தவறினால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தகவல் அலுவலர் தன் கையிலிருந்து கட்ட நேரிடலாம். என் விண்ணப்பம் எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது, அவர்களின் பெயர் என்ன, பதவி என்ன என்று அக்காலத்தில் தில்லியில் பலரும் இத்தகைய மனுக்களில் கேட்டார்கள். பரிந்துரைக் கடிதம் நல்ல மனத்தை நாடியது; மனு பெயரைக் கேட்டது.

இதெல்லாம் பண்பாட்டுக் கோளாறு, சட்டத்தால் தீராது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. நியூயார்க்கில் வண்டி நிறுத்தும் விதிகளை மீறி, விலக்குரிமையின் பெயரால் அபராதம் கட்டாமல் விட்ட ஐ.நா. தூதர்களைப் பற்றி ரே ஃபிஸ்மனும் எட்வர்ட் மிகெலும் ஆராய்ந்தார்கள். ஊழல் மிகுந்த நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகம் மீறியிருந்தார்கள். ஆக, ஊர்ப் பழக்கம் கூடவே விமானம் ஏறி வருகிறது. ஆனால் 2002 அக்டோபரில் அபராதம் கட்டாத வண்டிகளின் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிக்கும் அதிகாரம் நகரத்துக்குக் கிடைத்ததும் மீறல்கள் சுமார் 98 சதவீதம் குறைந்துவிட்டன. எந்த நாட்டுப் பண்பாடும் அந்த ஒரு மாதத்தில் மாறியிருக்காது.

தமிழ் மரபு நல்லவரைத் தேர்ந்தெடுப்பதைத்தானே வலியுறுத்துகிறது என்றும் கேட்கலாம். திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரத்தைப் பாருங்கள். எத்தனை வகையில் ஆராய்ந்து தேர்ந்தாலும், வேலையில் அமர்த்திய பின் அதன் இயல்பால் வேறாகிப் போகிறவர்கள் பலர் என்று வள்ளுவர் அங்கே சொல்லியிருக்கிறார். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலைக்குப் பெயர் எழுத வயது, நிலம், கல்வி என்று தகுதிகளை அடுக்குகிறது. அதோடு நிறுத்தாமல், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினர்களையும் விலக்கி வைக்கிறது. தகுதி பார்த்தவர்கள் கணக்கையும் கேட்டார்கள். உறவினரையும் சேர்த்துத் தண்டிப்பதை இன்று ஏற்க முடியாது. ஆனால் நல்லவர் என்று தெரிந்தவரிடமும் கணக்குக் கேட்ட அந்தத் தெளிவு நமக்கு வேண்டியது.

எல்லாரையும் கண்காணித்தால் போதும் என்பது என் வாதமன்று. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் துணை சுகாதார நிலையச் செவிலியர்களின் வருகையை நேரமுத்திரைக் கருவி வைத்துப் பதிந்தார்கள். முதலில் வருகை நன்றாகவே உயர்ந்தது. சில மாதங்களில், வராத நாள்களை விலக்கு நாள்கள் என்று மேலே இருந்தவர்கள் அனுமதித்துக்கொண்டே போனார்கள், பலன் கரைந்தது. அதே மாவட்டத்தில், ஒரு தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் தேதி பதியும் கேமராவோடு சம்பளத்தையும் இணைத்தபோது ஆசிரியர் வராமை 42 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தது. செவிலியரின் பெயர் தெரிந்தது; விலக்குக் கொடுத்தவரின் பெயரை யாரும் கேட்கவில்லை. தில்லியின் மத்திய அரசு அலுவலகங்களில் 2014 முதல் விரல் ரேகை வைத்து வருகை பதியப்படுகிறது. அது ஊழியர் வந்தாரா என்பதைச் சொல்லும். கோப்பு எந்த மேசையில் எவரால் தேங்கியது என்பதைச் சொல்லாது. கீழே இருப்பவரின் விரலைக் கேட்கிற ஏற்பாடு, மேலே இருப்பவரின் முடிவையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அதை நேர்மைக்கான ஏற்பாடு என்று என்னால் ஏற்க முடியாது.

சூழலையே பேசினால் தவறு செய்தவர் தப்பித்துவிட மாட்டாரா என்ற கவலையும் நியாயமானது. அவரைத் தப்பவிடுவது பெயரற்ற ஏற்பாடுதான். பெயரைக் கேட்பவரால் அவருக்குச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை. பெயரில்லாத ஏற்பாட்டுக்குள்ளும் கை சுத்தமாக இருந்தவர்கள் உண்டு. எந்தக் கோட்பாடும் அவர்களை முழுமையாக விளக்கிவிடவில்லை. அவர்கள் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆனால் ரேஷன் கார்டுக்குக் காத்திருக்கும் ஒரு தாய், தன் வட்ட அலுவலகத்தில் அப்படி ஒருவர் வந்து அமரும் வரை பசியோடு இருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

2021இல் தில்லிப் போக்குவரத்துத் துறை தன் சேவைகளில் பலவற்றை முகமறியா இணையவழிச் சேவைகளாக மாற்றியது. கவுன்டரும், அதன் வாசலில் நின்ற தரகரும் பல வேலைகளுக்குத் தேவையற்றுப் போகிறார்கள்; இதை மனமார வரவேற்கிறேன். இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று திரையில் ஒரு வரி வரும்போது, நிராகரித்தவர் யார், எந்தக் காரணத்தால், யாரிடம் முறையிடுவது என்ற மூன்றும் அதே திரையில் இருக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்கும் வேலை அலுவலகங்களுக்கு வெளியே இருக்கும் நம்முடையது. அதற்கான சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது.