ஆரஞ்சுப் பழமும் பிக்கிள்பாலும்

பழனி மலைத்தொடரின் வடகவுஞ்சியில், காப்பி உலர்த்தும் களத்தோரம் நின்ற ஒரு சிறுமி, தான் மேலே எறிந்த கமலா ஆரஞ்சு கீழே வருமுன் ஒருமுறை கைதட்டிவிட்டு, பின்னர் அதை நழுவவிடாமல் ஏந்திக்கொண்டதைக் கண்டபோது, பிக்கிள்பால் பழகும் பக்குவம் இவளுக்கு வாய்த்துவிட்டது என்று எனக்குத் தோன்றிற்று.

1965-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் பொழுதுபோகாது சலித்திருந்த பிள்ளைகளின் பொருட்டு, ஜோயல் பிரிட்சார்டும் அவருடைய நண்பர்களும், இறகுப்பந்து வலையைத் தாழ்த்திக் கட்டி, மரமட்டையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தும் கொண்டு தோற்றுவித்த இந்த ஆட்டத்தை, ஆறேழு வயதில் தொடங்குவது உசிதம். எனினும், வயதைக் காட்டிலும் லட்சணமே பிரதானம் என்பது என் திடமான அபிப்பிராயம். தரையில் பட்டு எழும் பந்தைக் கண் விடாமல் தொடர்கிறதா, தன் முறை வரும்வரை மனம் பொறுக்கிறதா என்று பெற்றோர் கவனித்தால் போதும். ஆறு வயதினும் இளைய குழந்தை, பலூனை உள்ளங்கையால் தட்டி விளையாடட்டும்.

முதல் வீச்சை இடுப்புக்குக் கீழிருந்தே அடிக்கலாம் என்பதால், பிஞ்சுத் தோளுக்குச் சிரமமில்லை. களமோ, இரட்டையர் இறகுப்பந்துக் களத்தைப் போலவே 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது. ஆகவே, பள்ளி மைதானத்தில் ஏற்கெனவே கிழித்த சுண்ணாம்புக் கோடே உதவும். ஒன்று மட்டும்: மார்கழிக் குளிரில் பிளாஸ்டிக் பந்து இறுகி எளிதில் விரிசல் காணும்; மலையூர்ப் பிள்ளைகள் வெயில் ஏறிய பின்பே மட்டையை எடுக்கட்டும்.