அந்த அரை மணித்தியாலம்

(கலஹாப் பகுதித் தோட்டம் ஒன்றின் பிள்ளைக்காம்பராவில், ஞாயிற்றுக்கிழமை தோட்டக் குடும்பங்களுக்கு நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில், விறகு வேலையையும் துணி துவைக்கிற வேலையையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம். நமது மனசில் எழும்புகிற கோபம், துக்கம், வெட்கம், ரோஷம் இவைகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. இவைகள் வந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியும் பேசுவோம்.

கோபம் வராத மனுஷர் கிடையாது. காலையிலிருந்து மழையில் நனைந்து பறித்த கொழுந்தை மடுவத்தில் நிறுக்கிறபோது, தண்ணிக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழித்தால் வயிறு எரியத்தான் செய்யும். சம்பளத்தன்று புருஷன் பாதிக் காசைக் குடித்துவிட்டு வந்தால் அழுகை வரும். சாதாரண தரப் பரீட்சையில் பிள்ளை கணக்குப் பாடத்தில் தவறினால், அந்தப் பிள்ளைக்கு வெளியே முகங்காட்ட வெட்கமாக இருக்கும். இதையெல்லாம் வரவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. மழை வருகிற மாதிரி அது வரும். மழை வரும்போது படங்கை எடுத்துக் கட்டுகிறோமா, நனைந்துகொண்டு நிற்கிறோமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

சில பேர் நினைப்பார்கள், நலன்புரி ஐயா வந்து கோபப்படாதே, பொறுத்துப் போ என்று உபதேசம் செய்யப் போகிறார் என்று. அப்படியில்லை. கோபம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். அவரையும் அவரோடு நின்றவர்களையும் பொறுமையில்லாதவர்கள் என்று யாராவது சொல்வார்களா? அவர்களுடைய கோபம் பலபேர் சேர்ந்து நின்ற கோபம். என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்ட கோபம். மடுவத்தில் கழித்த கிலோவுக்காகக் கணக்கப்பிள்ளையின் சட்டையைப் பிடிப்பது ஒரு வழி. சிட்டையை மடித்து வைத்துக்கொண்டு, மறுநாள் நாலு பேராகத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பது இன்னொரு வழி. ரெண்டுக்கும் மூலம் ஒரே கோபம்தான். முதலாவதில் வேலைக்கும் பொலிசுக்கும் அலைய வேண்டும். ரெண்டாவதில் கிலோ திரும்பிக் கிடைத்தாலும் கிடைக்கும்.

ஆனால் இன்றைக்கு வந்தது முக்கியமாக வேறொரு காரியத்துக்காக. வெளியே போக வழியில்லாமல் நம்மீதே திரும்புகிற கோபத்தைப் பற்றி. "மருந்தக் குடிச்சிட்டாங்க" என்று லயத்தில் சத்தம் கேட்டு ஓடாத தோட்டம் இந்தப் பக்கத்தில் எது? வாயால் சொல்லவே சங்கடமான விஷயம்தான். சொல்லாமல் மூடி வைத்ததால் யாருக்கும் நன்மை நடந்ததாகத் தெரியவில்லை. அதனால் பேசுவோம்.

1995ஆம் ஆண்டில், உலகத்திலேயே தற்கொலை மிக அதிகமாக நடக்கிற நாடுகளில் ஒன்றாக நமது இலங்கை இருந்தது. ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் அளவில் அந்த ஒரு வருஷத்தில் இறந்தார்கள். பெரும்பாலும் வயலுக்கும் மரக்கறிக்கும் அடிக்கிற மருந்தினால். அதே வருஷம் அதிக விஷமுள்ள மருந்துகளை அரசாங்கம் தடை செய்தது. 1998இல் இன்னொன்று. பிறகு 2008இலிருந்து 2011 வரைக்கும் மேலும் மூன்று மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள். நமது மலைகளில் புல்லுக்கு அடித்து வந்த பழைய களைநாசினியும் அதில் ஒன்று. இருபது வருஷத்துக்குள் இறப்பு வீதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது.

இதில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்த இருபது வருஷத்தில் மக்களுடைய கஷ்டம் குறைந்ததா? யுத்தம் இருந்தது, சுனாமி வந்தது, விலைவாசி ஏறியது. வீட்டுச் சண்டை நின்றதா? கசிப்பு நின்றதா? ஒன்றும் நிற்கவில்லை. விஷம் அருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகைகூடப் பெரிதாகக் குறையவில்லை. இறந்தவர்களின் தொகைதான் குறைந்தது. அதாவது முன்பென்றால் செத்திருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளை குட்டிகளோடு இன்றைக்கும் இருக்கிறார்கள். இதிலிருந்து ஒரு பாவமான உண்மை தெரிகிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது சாவு இல்லை. அந்த நேரத்துச் சங்கடத்திலிருந்து விடுதலை.

அந்த நேரம் என்றால் எவ்வளவு நேரம்? வடமத்திய மாகாணத்தில், இப்படி விஷம் அருந்திப் பிழைத்தவர்களிடமே வைத்தியர்கள் இருந்து பேசிக் கேட்டார்கள். 2006ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. ஏறக்குறைய பாதிப் பேர், நினைப்பு வந்து அரை மணித்தியாலத்துக்குள் செய்துவிட்டவர்கள். ஏன் இந்த மருந்து என்று கேட்டதற்குப் பெரும்பாலானோர் சொன்ன பதில், அதுதான் கைக்கு எட்டின இடத்தில் இருந்தது என்பதே.

அரை மணித்தியாலம்! பீலிக்கரைக்குப் போய் ரெண்டு குடம் தண்ணீர் எடுத்து வருகிற நேரம். மலையில் ஒரு நிரை பறித்து முடிக்கிற நேரம்கூட இல்லை.

கோபமும் வெட்கமும் உச்சத்தில் இருக்கும்போது உடம்பே நம்முடைய சொல் கேட்பதில்லை. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், காது அடைத்த மாதிரி இருக்கும். மற்றவர் சொல்வது ஏறாது. உள்ளே தண்ணி வேறு போயிருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் உட்கார்ந்து நல்லது கெட்டது ஆராய்வார் என்று யாரையும் எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் நாம் சொல்கிறோம், தீர்மானத்தைச் சூடாக இருக்கும்போது எடுக்க முடியாது, ஆறியிருக்கிற நேரத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். சூடான நேரம் வரும்போது கையில் என்ன அகப்படும், கால் எந்தப் பக்கம் போகும் என்பதை இன்றைக்கே ஏற்பாடு செய்ய வேண்டும்.

முதலாவது கையில் அகப்படுவதைப் பார்ப்போம். லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கரட்டும் போடுகிறோம். அதற்கு மருந்து வாங்குகிறோம். மிச்சத்தை சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படி மூலையில், இல்லாவிட்டால் கட்டிலுக்கடியில் வைக்கிறோம். இது பெரிய ஆபத்து. சின்னப் பிள்ளை சோடா என்று எடுத்துக் குடிக்கிற ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. இப்போது கடையில் கிடைப்பது பழைய மருந்து மாதிரி இல்லையே என்று யாரும் நினைக்கக்கூடாது. விஷம் விஷம்தான்.

பெட்டியில் பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பல வருஷம் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த கிராமத்துக்கும் கொடுக்காத கிராமத்துக்கும் வித்தியாசம் இல்லை. சாவி அதே வீட்டு ஆணியில்தானே தொங்கும்! ஆகவே மருந்தே வீட்டுக்குள் வேண்டாம். தேவையான அளவுக்கு மட்டும் வாங்கி அடித்து முடியுங்கள். மிஞ்சினால் லயத்தில் வைக்காமல், குடியிருப்புக்குத் தூரமான பொது இடம் ஒன்றில் ஒருவர் பொறுப்பில் வைப்போம். வீட்டில் சேர்ந்து கிடக்கிற மாத்திரைகளும் அப்படித்தான். பழைய மாத்திரையைப் பத்திரப்படுத்தி என்ன செய்யப் போகிறோம்?

இரண்டாவது, கால் போகிற பக்கம். நமது லயத்தில் ஒரு வசதி உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். சண்டை நடந்தால் பத்துக் காம்பராவுக்கும் தெரியும். தெரிந்தும் "அது புருஷன் பொஞ்சாதி விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். அது சரியில்லை. உள்ளே போய் நியாயம் பேச வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. "அக்கா, கொஞ்சம் தேயிலை ஊத்தியிருக்கேன், இப்படி வந்து இஸ்தோப்புல உட்காருங்க" என்று கூப்பிட்டால் போதும். அந்த அரை மணித்தியாலம் கழிந்துவிடும். ஒவ்வொருவரும் ஆறியிருக்கிற நேரத்திலேயே ஒரு வீட்டை நினைத்து வைத்துக்கொள்ளுங்கள். மனசு தாங்காத நேரத்தில் நான் இந்த மாமி வீட்டுக்குத்தான் போவேன், இந்த அண்ணன் வீட்டுக்குத்தான் போவேன் என்று. அந்த மாமியிடமும் சொல்லி வையுங்கள்.

ஆம்பிளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், தெரிகிறது. ஆம்பிளை அழுதால் மானக்கேடு என்று பழக்கிவிட்டோம். இந்த நாட்டில் தற்கொலையால் இறக்கிறவர்களில் ஆண்களே அதிகம் என்பதையும் சேர்த்துச் சிரியுங்கள். சண்டை முற்றுகிறபோது தவறணைப் பக்கம் போகாமல், கோயிலடிக்கு நடந்துபோய் அரை மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு வந்தால் உங்கள் மானம் ஒன்றும் குறையாது.

ஒருவர் "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று சொன்னால், சும்மா பயங்காட்டுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். சாகிற நினைப்பு வருகிறதா என்று நேரே கேளுங்கள். கேட்டால் நினைப்பைத் தூண்டிவிடும் என்று பயப்படுகிறோம். தூண்டாது. கேட்கிறதற்கு ஓர் ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வரும். தனியாக விடாமல் பக்கத்தில் இருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் போன் எடுக்கலாம். சுமித்ரயோ என்ற சங்கமும் 1974இலிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறது. பெயர் ஊர் விசாரிக்காமல் கேட்டுக்கொள்வார்கள்.

யாராவது ஏதாவது அருந்திவிட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று வீட்டு வைத்தியம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. தோட்டப் பாதை மோசமான இடத்தில் லொறியையோ ஓட்டோவையோ பிடித்து வழியில் சந்திக்க வேண்டியிருக்கும், அதையும் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போத்தலையும் கையோடு கொண்டு போங்கள், வைத்தியருக்கு உதவும். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பெரியவர்கள் இன்னும் பயந்து மறைக்கிறார்கள். அது பழைய சட்டம். உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாக்கின அந்தப் பிரிவை 1998இலேயே எடுத்துவிட்டார்கள்.

பிழைத்து வந்த பிறகு லயத்தில் "மருந்து குடிச்சவ" என்று பட்டம் வைத்துக் கூப்பிடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இன்றைக்கு நேரமில்லை. அடுத்த கூட்டத்தில் வாலிபப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசுவோம்.

இப்போது ஒரு வேலை. தலைவரும் பிள்ளைக்காம்பரா ஆயம்மாவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை, சம்பளத்துக்கு முந்தின நாள், காலையில் வாசலில் ஒரு பீப்பா வைத்திருப்போம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற மருந்துப் போத்தல்களைப் பெரியவர்களே மூடி இறுக்கிக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். யார் வீட்டுப் போத்தல், எதற்கு வாங்கினது என்று ஒருவரும் கேட்க மாட்டோம்.