நாபோத்தின் ஊரார் நாம்

(படைப்பின் காலத்தை முன்னிட்டு வானொலியில் வழங்கிய மறையுரை)
வாசகங்கள்: லேவியர் 25:18-24, 1 அரசர்கள் 21:1-16



செப்டம்பர் முதல் நாள் தொடங்கி, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4 வரை, படைப்பின் காலத்தைத் திருச்சபை கடைப்பிடிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலை 2015-ஆம் ஆண்டு நமக்கு வழங்கினார். அதன் பத்தாம் ஆண்டான 2025-இல், ஏப்ரல் மாதத்தில், அவர் இறைவனடி சேர்ந்தார். பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் தனித்தனியாகக் கேட்க முடியாது என்பதே அந்த மடலின் சாரம்.

இதை அமேசான் காட்டை நினைத்துக்கொண்டு பேசுவது எளிது. நெய்வேலியில் நின்றுகொண்டு பேசுவது கடினம். ஏனென்றால் நாம் உண்ணும் சோறு இந்த மண்ணைத் தோண்டுவதால் வருகிறது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்துக் கிணற்றில் கண்ட கரிய பொருள், 1956-இல் ஒரு நிறுவனமாகவும், 1957-இல் ஒரு சுரங்கமாகவும், 1962-இல் மின்சாரமாகவும் ஆயிற்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட காடுகள்தாம் பழுப்பு நிலக்கரியாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றை ஆண்டுக்கு இரண்டு கோடி டன்னுக்கும் மேல் எடுக்கிறோம். நம் பிள்ளைகளின் படிப்பு, நிழல் தரும் சாலைகளோடு கூடிய இந்த வட்டங்கள், மருத்துவமனை எல்லாம் அந்தக் கரியின் வழியே வந்தவை. இதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும். கரி எடுத்தவர்களின் உழைப்பும் புனிதமானது. 2020-ஆம் ஆண்டு கொதிகலன் வெடித்து உயிரிழந்த தொழிலாளர்களை நாம் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் நன்றி சொல்கிறவர்களுக்குக் கணக்குக் கொடுக்கும் பொறுப்பும் உண்டு. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் யூபிலி ஆண்டைப் பற்றிப் பேசுகிறது. 2025-ஆம் ஆண்டும் நமக்கு யூபிலி ஆண்டாக இருந்தது. நிலம் என்னுடையது, நீங்கள் அதில் குடியிருக்கும் அந்நியர்கள் என்பதே அங்கே ஆண்டவர் சொல்வதன் பொருள். நம் வழக்கில் சொன்னால், பட்டா ஆண்டவர் பெயரில் இருக்கிறது. நாம் குத்தகைக்காரர்கள். விளைச்சலை எடுத்துக்கொள்ளக் குத்தகைக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் காலம் முடியும்போது, நிலத்தை அடுத்தவர் பயிர் செய்யும் நிலையில் ஒப்படைக்க வேண்டிய கடமையும் அவருக்கே உண்டு.

இங்கே நிலக்கரிக்கு மேலே ஐம்பது மீட்டருக்கும் அதிகமான மண் கிடக்கிறது. அதை அகற்றினால்தான் கரி கிடைக்கும். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் தேங்கியிருக்கிறது. அதை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே அது பெயர்த்துவிடும். இறைத்த நீர் வீணாகவில்லை. அனல்மின் நிலையங்களுக்கும், வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும், சென்னையின் குடிநீருக்கும் அதில் பங்கு போகிறது. ஆனால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வந்த ஊர்கள் இந்தப் பகுதியில் இருந்தன. இன்று ஆழத்துக்கு மேல் ஆழம் துளைக்க வேண்டியிருக்கிறது என்று அந்த ஊர் விவசாயிகள் சொல்கிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

2023 ஜூலை மாதம் வளையமாதேவியில் நடந்ததை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக, பச்சை நெல் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடு வழங்கப்பட்டது, வாய்க்கால் இல்லாவிட்டால் சுரங்கத்துக்கே ஆபத்து என்று நிறுவனம் விளக்கியது. அந்தக் காட்சியைக் கண்டு உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மனம் வருந்திப் பேசினார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நமக்குப் பக்கத்தில்தான் வடலூர் இருக்கிறது. பயிரின் வாட்டத்தையும் தம் வாட்டமாக உணர்ந்த வள்ளலார், 1867-இல் அங்கே மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அந்த அடுப்பின் அயலாராகிய நமக்கு, கதிர் விடும் பயிர் மண்ணில் புதைவது வெறும் செய்தியாக இருக்க முடியுமா?

இனி நாபோத்தின் வரலாற்றைப் பார்ப்போம். ஆகாபு அரசன் திராட்சைத் தோட்டத்தைச் சும்மா கேட்கவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் விலை தருகிறேன் என்றுதான் கேட்டான். ஆனாலும் நாபோத்து மறுத்தார். அது அவருடைய மூதாதையரின் உரிமைச்சொத்து. விலை போதவில்லை என்று அவர் சொல்லவில்லை. அதற்கு விலையே இல்லை என்றார். நிலத்தைக் கொடுத்தவரின் கையில் பணம் இருக்கலாம். அவருடைய குலசாமி கோயிலும், அவர் அப்பாவைப் புதைத்த இடமும், அவர் நட்ட பலா மரமும் எந்த இழப்பீட்டுக் கணக்கில் வரும்?

இந்த வரலாற்றைக் கேட்கும்போது, யார் ஆகாபு, யார் ஈசபேல் என்று நாம் வெளியே தேடுகிறோம். அதற்கு முன், அதில் இன்னொரு கூட்டம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நாபோத்தின் ஊரில் வாழ்ந்த பெரியவர்கள் அவர்கள். நாபோத்தை அவர்களுக்குத் தெரியும். ஈசபேலின் மடல் வந்தது. அதில் எழுதியிருந்தபடியே அவர்கள் செய்தார்கள். பொய்ச்சாட்சியை உட்கார வைத்தார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

அன்பானவர்களே, நாம் அந்த ஊரார். முடிவெடுக்கும் அதிகாரம் நம்மில் பலருக்கு இல்லை. ஆனால் வாய் இருக்கிறது. நிலம் கொடுக்க மறுக்கும் விவசாயியைப் பற்றி, இன்னும் பணம் பிடுங்கப் பார்க்கிறான் என்று கேன்டீனில் ஒருவர் சொல்லும்போது, நாம் சிரித்துக்கொண்டு தேநீர் குடித்தால், அதுவும் பொய்ச்சாட்சிதான். அதேபோல, சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் விவசாயிக்கு எதிரிகள் என்று கிராமத்தில் பேசுவதும் பொய்ச்சாட்சிதான். ஞாயிறு திருப்பலியில் நிலம் இழந்தவரும் சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவரும் ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிறார்கள். சமாதானம் சொல்லிக் கைகூப்புகிறார்கள். கோயில் வாசலைத் தாண்டிய பிறகும் அந்தச் சமாதானம் நிலைக்க வேண்டும்.

"சாமி, சுரங்கம் இல்லையென்றால் நமக்குச் சோறு ஏது?" என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நாளைக்கே சுரங்கத்தை மூடுங்கள் என்று நற்செய்தி நமக்குச் சொல்லவில்லை. குத்தகைக்காரராக நடந்துகொள்ளுங்கள் என்கிறது. நம்மிடையே பொறியாளர்கள் இருக்கிறார்கள், சங்கத் தலைவர்கள் இருக்கிறார்கள். கரி எடுத்த இடம் வளமான மேல்மண்ணோடு மூடப்படுகிறதா, மண்மேடுகளில் நடப்பட்ட மரங்கள் பிழைக்கின்றனவா, மீட்ட நிலம் உழுகிறவர் கைக்குத் திரும்புமா, நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை ஒப்பந்தத் தொழிலாளியாகவே முதுமை அடைகிறானா என்று கூட்டங்களில் அவர்கள் கேட்க வேண்டும். கரி ஒருநாள் தீரும். அந்த நாளுக்கு நம் பிள்ளைகளை எந்தத் தொழிலுக்குத் தயார் செய்கிறோம் என்பதும் படைப்பைக் காப்பதில் சேரும்.

நம் வீடுகளிலும் செய்ய வேண்டியது உண்டு. ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறி யாரோ ஒருவரின் வயலைச் சுழற்றுகிறது. அதை நிறுத்துவதைச் சிக்கனம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அது அந்த வயலுக்குச் செலுத்தும் மரியாதை. இந்த அக்டோபர் 4-க்குள் ஒவ்வொரு அன்பியமும், நிலம் இழந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்குச் சென்று, அவர்கள் சொல்வதைக் கேட்டு வரட்டும். அறிவுரை சொல்ல வேண்டாம், பையில் எதையும் கொண்டுபோகவும் வேண்டாம். கேட்டு வந்தால் போதும். நாபோத்துக்கு அந்த ஊரில் கிடைக்காதது அதுதான்.

மன்றாடுவோம்: படைப்பின் ஆண்டவரே, இந்த நிலம் உம்முடையது. இதன் ஒளியில் வாழும் நாங்கள், இதன் இருளைச் சுமப்பவர்களை மறவாதிருக்கச் செய்தருளும். எங்கள் கையில் தந்ததை, எங்களுக்குப் பின் வருவோர் பயிர் செய்யும் நிலையில் ஒப்படைக்க எங்களுக்கு மனத்துணிவைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.