காரிலே ஒரு மின்துளை



தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு, ஆண்டில் ஒரு முறையேனும் நெடுவழிப் பயணம் வாய்க்கின்றது. தில்லியிலிருந்தும் நாகபுரியிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே காரிலேயே ஊர் செல்லும் குடும்பங்கள் உண்டு. அலுவலகமோ, மடிக்கணினி வடிவில் நம்முடனேயே வருகின்றது. ஆதலின், காரின் மின்துளையிலிருந்து மடிக்கணினிக்கு மின்சாரம் பெறும் முறையை அறிந்திருத்தல் நன்று. யாம் இதனைக் கற்றது நூல் வழியாக அன்று. ஒரு விடியற்காலையில் பட்ட துன்பத்தின் வழியாக.

சில ஆண்டுகட்கு முன், மார்கழியின் இறுதி. பொங்கலை எம்முடன் கழிக்க ஊரிலிருந்து வரும் அன்னையாரை அழைத்துவரத் தில்லி ரயில் நிலையத்திற்குக் காரில் சென்றோம். மூடுபனியால் வண்டி நான்கு மணி நேரம் தாமதம் என்றனர். அன்று காலைக்குள் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டிய அறிக்கையொன்று கையில் இருந்தது. காரிலேயே அமர்ந்து, இன்வர்ட்டர் என்னும் சிறு பெட்டியை மின்துளையில் செருகி, மடிக்கணினியை அதனுடன் இணைத்தோம். இஞ்சின் ஓடவில்லை. அறிக்கை முடிந்தது, வண்டியும் வந்தது.

அன்னையாரை அமர்த்திச் சாவியைத் திருப்பினோம். 'டிக், டிக்' என்னும் ஓசை மட்டுமே எழுந்தது. எழுபது கடந்த அவர் மெல்லிய சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நெஞ்சுக்குள் குளிர் ஏறுகிறதே, அப்பா" என்றார். எமக்கு நா எழவில்லை. டாக்சி ஓட்டும் சீக்கியப் பெரியவர் ஒருவர் தம் வண்டியை அருகே நிறுத்தி, இரு கம்பிகளால் அதன் பாட்டரியை எம் காரின் பாட்டரியுடன் இணைத்து, இஞ்சினை எழுப்பித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிழை எங்கே நேர்ந்தது? கணக்கிட்டுப் பார்ப்போம்.

முன்னாளில் சிகரெட் கொளுத்தும் கருவிக்காக ஏற்பட்டது இம்மின்துளை. இதில் கிடைப்பது ஏறத்தாழ 12 வோல்ட் நேர்மின்னோட்டம். மடிக்கணினிகள் பலவற்றிற்கு வேண்டுவதோ 19 அல்லது 20 வோல்ட். 60 வாட் கொள்ளும் மடிக்கணினிக்கு, 60-ஐ 12-ஆல் வகுக்க, 5 ஆம்பியர் ஆகின்றது. இடையிலுள்ள கருவிகளில் வீணாவதையும் சேர்த்தால் 6 ஆம்பியர். நான்கு மணி நேரத்தில் 24 ஆம்பியர்-மணி. சிறிய கார் ஒன்றின் பாட்டரி கொள்வது 35 ஆம்பியர்-மணி அளவே. குளிரில் அதுவும் குறையும். இஞ்சினை எழுப்பவோ, சில நொடிகளேயாயினும், 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பாட்டரி தாழ்ந்தால் இன்வர்ட்டர் தானே நின்றுவிடும் என்று நம்பியிருந்தோம். பல இன்வர்ட்டர்கள் 10.5 வோல்ட் அளவில்தான் நிற்கும். அதற்கு முன்னரே வண்டியை எழுப்பும் வலிமை போய்விடுகின்றது.

மின்சாரம் பெற இரு வழிகள் உண்டு. ஒன்று, இன்வர்ட்டர். அது 12 வோல்ட்டை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக்கும். மடிக்கணினியின் அடாப்டர் அதனை மீண்டும் 19 வோல்ட் நேர்மின்னோட்டமாக்கும். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள எமக்கு இது நன்கு விளங்குகின்றது. ஒரு மொழியிலிருந்து நேரே பெயர்க்காமல், வேறொரு மொழி வழியாகப் பெயர்த்தால், ஒவ்வொரு படியிலும் சிறிது பொருள் சிந்துமன்றோ? மற்றது, காருக்கென்றே அமைந்த அடாப்டர். அது நேர்மின்னோட்டத்தை நேரே உயர்த்தித் தருவதால் சேதம் குறைவு. டைப்-சி துளை வழியே மின்னேற்றம் கொள்ளும் மடிக்கணினியாயின், அதற்குரிய வாட் அளவுள்ள டைப்-சி அடாப்டர் போதும். தொலைபேசிக்குரிய சிறிய அடாப்டர் இதற்கு ஆற்றாது.

வாங்குமுன், மடிக்கணினியின் பழைய அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட், வாட் அளவுகளைப் படித்துக்கொள்க. மின்துளையின் ஃபியூஸ் 10 ஆம்பியராயின், 120 வாட்டே அதன் எல்லை. மடிக்கணினி அதற்குள் அடங்கும்; வெந்நீர்க் கெண்டி அடங்காது. ஃபியூஸ் போனால் அதே அளவுள்ளதையே இடுக. பெரியதை இட்டால் கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும்.

இஞ்சின் ஓடும்போது ஆல்ட்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில் மின்சாரம் தந்து பாட்டரியையும் நிரப்புகின்றது. அப்பொழுதே மடிக்கணினியை இணைத்தல் தக்கது. இஞ்சினை எழுப்பும் கணத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஆகவே எழுப்பிய பின்னரே செருகுக. ஆயினும், மின்னேற்றத்திற்காக மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிடுதல் கூடவே கூடாது. வடநாட்டுக் குளிரில் கதவை அடைக்கத் தோன்றும். இஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றி உயிரைக் கவர்ந்துவிடும்.

இன்றும் யாம் காரில் எழுதுவதுண்டு. ஓடும் காரில், பின்னிருக்கையில், வேறொருவர் ஓட்டும்போது மட்டும். பாட்டரியின் முதற் கடமை வண்டியை எழுப்புவது; அது போக எஞ்சுவதே நம் எழுத்துக்கு. அறிக்கையை ஒரு நாள் பிந்தி அனுப்பினும் குறையில்லை. குளிரில் நிற்கும் அன்னையைக் காக்கவைத்தல் ஆகாது.