கேட்காமலே புதுப்பிக்கப்படும் வண்டி இன்சூரன்ஸ்

குறைந்த பிரீமியத்துக்கு வேறு கம்பெனியில் காருக்கு பாலிசி எடுத்தாயிற்று. மறுநாள் பழைய கம்பெனியும் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டது. போன வருடம் 'ஆட்டோ பே'க்குக் கொடுத்த சம்மதம்தான் காரணம்.

இப்படிப் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பாவது உங்களுக்குத் தகவல் வர வேண்டும், நிறுத்திக்கொள்ளும் வசதியும் அதில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரமென்று தள்ளிவிடாதீர்கள். யுபிஐ என்றால் செயலியின் 'ஆட்டோ பே' பகுதியில் நீங்களே ரத்து செய்யலாம்.

பணம் போன பிறகும் வழி உண்டு. ஒரு வருட பாலிசியில் கிளெய்ம் வாங்கவில்லையென்றால், அதை ரத்து செய்து மீதி நாட்களுக்கான பிரீமியத்தைக் கேட்டு வாங்கலாம். ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி சாலைக்கு வரக்கூடாது என்பது சட்டம். ஆகவே புதிய பாலிசியின் நகலைக் கொடுத்துப் பழையதை ரத்து செய்யுங்கள். இந்த வரிசை மாறி, இடைப்பட்ட நாளில் விபத்து நடந்தால் இழப்பீடு முழுக்க உங்கள் தலையில்தான் விழும். நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம், அது உரிமையாளருக்கு உரியது. கம்பெனி மாறினாலும் கூடவே வரும்.

கம்பெனி இழுத்தடித்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ தயங்காமல் புகார் கொடுங்கள்.