மிதிவண்டிப் பயணமும் திட்டமிடுதலும்

(பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஸ்ரீராம்புரத்து இளைஞர்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து கன்னியாகுமரி வரை மிதிவண்டியில் செல்ல எண்ணியிருக்கிறார்கள். அது குறித்துச் சில கருத்துகளைக் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் விளையாட்டு வீரன் அல்லன். பொருளாதாரம் பயின்று அரசுப் பணியில் இருப்பவன். எனவே இப்பயணத்தை ஒரு திட்டமாகக் கருதியே பேச விரும்புகிறேன். இலக்கு, காலவரையறை, கையிருப்பு, பணிப் பங்கீடு, எதிர்பாராத இடர் ஆகிய அனைத்தும் இதில் உண்டு. நாட்டின் திட்டங்களைத் தீட்டும்போது எழும் கேள்வி இங்கும் எழுகிறது: யாரை அளவுகோலாகக் கொண்டு திட்டமிடுவது?

இப்பகுதிக்கு மிதிவண்டி புதிதன்று. மினர்வா, பின்னி முதலிய ஆலைகள் இயங்கிய காலத்தில், நேரம் தவறாமல் வேலைக்குச் செல்ல வேண்டிய தொழிலாளிக்கு அது உற்ற துணையாக இருந்தது. அந்த ஆலைகள் இன்று இல்லை. 2014 மார்ச் 1 முதல் ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ரயில் நிற்கிறது. ஆயினும் பால், செய்தித்தாள், காய்கறி ஆகியவற்றை வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்போரும், கட்டட வேலைக்குச் செல்வோரும் மிதிவண்டியைக் கைவிட்டு விடவில்லை. நெடும்பயணம் போகிறவரின் மிதிவண்டியும் இவர்களுடைய மிதிவண்டியும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. இதை இறுதியில் மீண்டும் கவனிப்போம்.

முன்னோடிகள்

இந்தியாவிலிருந்து புறப்பட்ட புகழ்பெற்ற மிதிவண்டிக் குழு, பம்பாயைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்களுடையது. 1923 அக்டோபர் 15 அன்று அவர்கள் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் கடந்து 1928 மார்ச்சில் பம்பாய் திரும்பியவர்கள் ஆதி ஹகீம், ஜால் பாபாசோலா, ரஸ்தம் பூம்காரா ஆகிய மூவரே. ஏனைய மூவரும் வெவ்வேறு கட்டங்களில் பிரிந்துவிட்டனர். 1926-இல் கல்கத்தாவிலிருந்து நால்வர் புறப்பட்டனர்; அவர்களுள் பிமல் முகர்ஜி 1937-இல்தான் திரும்பினார். தோழர்கள் வழியில் பிரிய, அவர் பயணத்தைத் தனியே தொடர வேண்டியதாயிற்று.

உலகைச் சுற்றுவோர் வழியில் பிரிவது குற்றமன்று. ஆனால் ஒன்று தெளிவாகிறது. சாலை முடிவதற்கு முன்பே குழு முடிந்துவிடக்கூடும். டயரும் சங்கிலியும் தேய்வது போலவே ஒற்றுமையும் தேய்கிறது. அதற்கும் பராமரிப்புத் தேவை.

நம் பெங்களூருவிலிருந்தே 2008-இல் நீலகிரி சுற்றுப்பயணம் தொடங்கப்பட்டது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி உதகைக்குச் செல்வது அதன் பெயர்பெற்ற கட்டம். அத்தகைய பயணங்களில் உதவி வண்டிகள், பழுதுபார்ப்போர், மருத்துவ உதவி ஆகியவை உடன் வருகின்றன. அவ்வசதிகள் இல்லாத மாணவர் குழு, அவற்றின் இடத்தைத் திட்டத்தால் நிரப்ப வேண்டும்.

சராசரி என்னும் மாயை

பயணத் திட்டம் தீட்டுவோர் பெரும்பாலும் மொத்தத் தூரத்தை நாட்களால் வகுத்துவிட்டு அமைதி அடைந்துவிடுகின்றனர். பத்துப் பேர் கொண்ட குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழுவின் சராசரி வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர். மிக மெதுவாகச் செல்பவரின் வேகம் 14 கிலோமீட்டர் என்போம். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் என்று இலக்கு வைத்து, உணவுக்கும் ஓய்வுக்கும் 3 மணி நேரம் ஒதுக்கிக் காலை 6 மணிக்குப் புறப்படுகிறார்கள். சராசரிக் கணக்கின்படி மாலை 3.40 மணிக்கு ஊர் போய்ச் சேரலாம். ஏட்டில் இது வசதியான திட்டம். ஆனால் கடைசி நபர் வந்து சேரும் நேரம் மாலை 5.35. வழியில் ஒரு பஞ்சர், ஓர் எதிர்க்காற்று, சற்று வயிற்றுக் கோளாறு, இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தாலும் அவர் இருட்டில், லாரிகளுக்கு நடுவே, தனியாக வருவார்.

அதே நபருக்கு 80 கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 5 மணி 45 நிமிடம் போதும். ஓய்வையும் சேர்த்துப் பிற்பகல் 3 மணிக்குள் சேர்ந்துவிடுவார். பகல் வெளிச்சம் 3 மணி நேரம் கையிருப்பாக இருக்கும். விரைந்து செல்லக்கூடியவர்களுக்கு இதனால் இழப்பில்லை. மீதமுள்ள நேரத்தில் அவர்கள் தங்குமிடம் பார்க்கலாம், உணவுக்கு ஏற்பாடு செய்யலாம், ஊர் மக்களோடு பேசலாம்.

பொருளாதார மாணவர்கள் இதை உடனே அடையாளம் காண்பார்கள். தலா வருமானம் உயர்ந்தது என்ற ஒரே எண்ணைக் கொண்டு எல்லோரும் உயர்ந்தனர் எனக் கூற இயலாது. சராசரி என்பது குழுவைப் பற்றிய செய்தி. கடைசியில் இருப்பவரைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை. வகுப்பறையில் ஒரு மாதம் விளக்க வேண்டிய இந்தப் பாடத்தை, மாலையில் சாலையோரம் நின்று பின்தங்கிய தோழனுக்காகக் காத்திருப்பவன் ஒரே நாளில் கற்றுக்கொள்கிறான்.

கன்னியாகுமரி வழி

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெங்களூரு வழியாகச் செல்கிறது. முழுச் சாலையும் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். நாளுக்கு 80 கிலோமீட்டர் வீதம், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும் சேர்த்தால் 53 அல்லது 54 நாட்கள் வேண்டும். நீங்கள் கடக்க எண்ணியிருப்பது அதன் தென்பகுதியான ஏறக்குறைய 680 கிலோமீட்டர் மட்டுமே. இதற்கு 9 நாள் பயணமும் ஒரு நாள் ஓய்வும் போதும்.

இந்தப் பத்து நாட்களில் காணக்கூடிய பொருளாதாரம் எந்தப் பாடநூலுக்கும் குறைந்ததன்று. ஓசூரின் வாகனத் தொழிற்சாலைகள், கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகள், சேலத்தின் ஜவ்வரிசி ஆலைகளும் உருக்காலையும், நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளும் லாரித் தொழிலும், காவிரியைக் கடந்தால் கரூரின் துணித் தொழிலும் பேருந்துக் கூடு கட்டும் பட்டறைகளும், திண்டுக்கல் பூட்டு, கோவில்பட்டியின் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும், முப்பந்தலின் காற்றாலைகள் என ஒவ்வொரு நாளும் ஒரு தொழில் வட்டாரம் எதிர்ப்படும். பேருந்தில் போகிறவருக்கு இவை பெயர்ப் பலகைகள். மிதிவண்டியில் போகிறவரோ தண்ணீருக்காகவும் தேநீருக்காகவும் இறங்கியே தீர வேண்டும். இறங்கினால் பேச வேண்டும். எந்த ஆண்டில் மழை பொய்த்தது, எந்தப் பட்டறை மூடப்பட்டது, பிள்ளைகள் எந்த ஊருக்கு வேலைக்குப் போயினர் என்பன அப்போதுதான் தெரியவரும்.

இடர்களும் உண்டு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாய் விபத்துகளுக்குப் பெயர்போன இறக்கம். அங்கே இருவர் அருகருகே செல்லாமல், இடைவெளி விட்டு, இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து மெல்ல இறங்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று மிகக் கடுமையானது. காற்றாலைகளை அங்கே நிறுவியதற்குக் காரணமே அதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை.

கையிருப்பும் பணிப் பங்கீடும்

வெயிலில் மிதிப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். பத்துப் பேருக்கு ஆறு மணி நேரத்துக்கு 30 முதல் 60 லிட்டர் ஆகிறது. இவ்வளவையும் சுமக்க இயலாது. எனவே தண்ணீர் நிரப்பும் இடங்களை முன்னதாகவே குறித்து வைத்தல் வேண்டும்.

எந்த மிதிவண்டி சிறந்தது என்று கேட்கிறீர்கள். பல கியர்கள் உள்ள வண்டி ஏற்றத்தில் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாதாரண வண்டியின் டியூப், வால்வு, சங்கிலி, பால்ரசு குண்டு ஆகியவை சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும். கியர் வண்டியின் உதிரி பாகங்களுக்கு நகரம் வரை காத்திருக்க நேரலாம். குழுவில் இயன்றவரை ஒரே அளவு சக்கரங்கள் இருந்தால், உபரி டியூப்களும் டயரும் அனைவருக்கும் பொதுவாகும்.

செலவுக்குப் பொதுப் பணப்பை ஒன்று இருக்கட்டும். கணக்கை அன்றாடம் இரவில் எல்லோர் முன்னும் படிக்கட்டும். பழுது நீக்கத் தெரிந்தவரும் முதலுதவி தெரிந்தவரும் முன்னால் போகாமல், வரிசையின் கடைசியில் வர வேண்டும். பழுதும் சோர்வும் அடைந்தவர்கள் பின்னால்தான் தங்குவார்கள். உதவி தேவைப்படும் இடத்தில் உதவி இருப்பதே நிர்வாகத்தின் முதல் விதி.

சாலை யாருக்காக?

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்டதற்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. மோட்டார் இருசக்கர வண்டி வைத்திருந்தோர் 21 விழுக்காட்டினரே. மிதிவண்டியால் விளையும் பயனும் நிரூபிக்கப்பட்டதே. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. வயல் வேலை செய்வோரும் கல்லுடைக்கும் தொழிலாளரும் சாரை சாரையாகக் கற்றுக்கொண்டனர். பேருந்துக்காகத் தந்தையையோ கணவரையோ எதிர்பார்த்திருந்த நிலை மாறியது. பீகார் அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் மாணவியர் எண்ணிக்கை 32 விழுக்காடு கூடியதாகக் கண்டனர். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பயன் மிகுதியாக இருந்தது.

இப்படிப்பட்ட ஊர்திக்குச் சாலையில் உரிய இடம் இருக்கிறதா? ஆண்டுதோறும் நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மிதிவண்டியோட்டிகள் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். 2023 ஆகஸ்டு 1 முதல் பெங்களூரு – மைசூரு விரைவுச் சாலையின் முதன்மைத் தடத்தில் மிதிவண்டிகளும், மோட்டார் சைக்கிள் போன்ற வேறு சில ஊர்திகளும் செல்லத் தடை விதிக்கப்பட்டது. மிகு வேக ஊர்திகளோடு அவற்றைக் கலக்கவிடுவது ஆபத்தானது என்பதால் இம்முடிவில் நியாயம் உண்டு. ஆயினும் விலக்கப்பட்டவருக்கு மாற்றுவழி தடையின்றி இருக்க வேண்டும் என்பதும் நியாயமே. பக்கச்சாலை ஒரு பாலத்தருகே அறுந்து நின்றால், காருக்கு அது ஒரு பொருட்டன்று. பள்ளிக்குச் செல்லும் மாணவிக்கோ அன்றாட ஆபத்து. சராசரி வேகத்தைக் கூட்டுவதற்காகப் போடப்படும் சாலை, மெதுவாகச் செல்பவரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆகவே பயணம் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். பக்கச்சாலை எந்தக் கிலோமீட்டரில் அறுகிறது, எங்கே சாலையைக் கடக்க வழியில்லை, எந்தப் பள்ளிக்கு எதிரே விளக்கில்லை, குடிநீரும் கழிப்பறையும் எத்தனை தொலைவுக்கு ஒரு முறை கிடைத்தன என்பவற்றை நாள், இடம் குறித்து எழுதுங்கள். திரும்பியதும் மாவட்ட ஆட்சியருக்கும் நெடுஞ்சாலை அலுவலகத்துக்கும் அதன் நகலை அனுப்புங்கள். இங்கு அமர்ந்திருக்கும் அலுவலர்களுக்கும் ஒன்று கூறுவேன். அப்படியொரு குறிப்பு உங்கள் மேசைக்கு வந்தால் கோப்பில் கட்டி வைத்துவிடாதீர்கள். அந்த இடத்துக்குப் பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை நேரில் சென்று பாருங்கள்.

இளைஞர்களின் பயணம் இனிது நிறைவேற வாழ்த்துகிறேன். பத்துப் பேர் புறப்பட்டால், பத்துப் பேரும் ஒன்றாகக் கன்னியாகுமரி சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.