பள்ளி வாயிலுக்கு அப்பால் பந்தாட்டம்

பாடசாலைப் படிப்பு முடியுங் காலம் எந்நாட்டிலும் பெற்றோருக்குக் கவலை தருங் காலமாகும். பிள்ளை பல்கலைக்கழகம் புகுவதா, கைத்தொழில் பழகுவதா, உத்தியோகம் தேடுவதா என்பனவே வழக்கமாக எழும் வினாக்கள். அவுஸ்திரேலியாவிலோ இவற்றோடு மற்றொரு வினாவும் பல வீடுகளில் எழுகின்றது. ஆறடிக்கு மேல் வளர்ந்து, ஊர்க் கழகத்தின் அணியிற் பெயரெடுத்த பதினெட்டு வயது மகன், கூடைப்பந்தாட்டமே தன் வாழ்வு என்று கூறி நிற்கின்றான். மகளும் அவ்வாறே கூறுதல் அங்கு புதுமையன்று. அப்பிள்ளைக்குப் பெற்றோர் கூறத்தக்க விடை யாது? நேயர்களே, அதனையே இங்கு ஆராய்வோம்.

முதற்கண் இடங்களின் எண்ணிக்கையை நோக்குதல் நன்று. அவுஸ்திரேலியாவில் ஆடவருக்கான தேசியக் கூடைப்பந்தாட்ட லீக் 1979 ஆம் ஆண்டிலும், மகளிருக்கான லீக் 1981 ஆம் ஆண்டிலும் தொடங்கின. ஆடவர் லீக்கில் 2021 முதல் பத்து அணிகள் ஆடிவருகின்றன. அவற்றுள் ஒன்று நியூசிலாந்துக்கு உரியது. அணிக்குப் பன்னிருவர் எனக் கொண்டால், கண்டம் முழுவதற்கும் உள்ளவை ஏறத்தாழ நூற்றிருபது இடங்களே. அவற்றுள்ளும் ஒரு பங்கு வெளிநாட்டு ஆட்டக்காரரைச் சாரும். எஞ்சிய இடங்களில் முப்பது வயது கடந்த அனுபவசாலிகள் பலர் அமர்ந்திருப்பர். ஆகவே, பாடசாலையை விட்டு நேரே இந்த லீக்கிற் புகுவோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. இவ்வுண்மையைப் பிள்ளையிடம் மறைப்பது அன்பாகாது.

எனினும், இது மனந்தளரச் செய்யும் செய்தியன்று. அமெரிக்காவிலே கூடைப்பந்தாட்டம் உயர்பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் வேரூன்றியது. அவுஸ்திரேலியாவிலோ அது ஊர்க் கழகத்தில் வேரூன்றியது. எட்டு வயதிற் சேர்ந்த கழகம், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுநாளும் அதே ஊரில், அதே அரங்கில் இருக்கும். எனவே, பாடசாலையை விட்டவன் பந்தையும் விட்டவன் ஆகான். கழகங்களுள் வலியவை ஆடுவதற்கு 2019 ஆம் ஆண்டில் என்.பி.எல். வன் என்னும் போட்டி தொடங்கியது. இன்று அது தெற்கு, வடக்கு, மத்தி, மேற்கு, கிழக்கு என ஐந்து பிரிவுகளாக ஆண்டின் நடுமாதங்களில் நடைபெறுகின்றது. பகலிலே வகுப்பறையிலோ வேலைத்தலத்திலோ இருப்போர், மாலையிற் பயிற்சி பெற்று, வார இறுதியில் ஆடுவர். சிலர் ஓரளவு ஊதியம் பெறுவர். பலர் பெறுவது சிறுதொகையே.

இளமையிலேயே தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்குத் தலைநகராகிய கன்பராவில் வேறொரு வாயில் உண்டு. அங்கு 1981 இல் திறக்கப்பட்ட அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவகத்தில், தொடக்கத்திலேயே இடம்பெற்ற எட்டு விளையாட்டுகளுள் கூடைப்பந்தாட்டமும் ஒன்று. அங்கே தங்கி, பாடமும் படித்து, பந்தும் பழகியவர்களே அன்ட்ரூ போகட், லோறன் ஜாக்சன், பற்றி மில்ஸ், மத்தியூ டெலவடோவா முதலியோர். ஆனால், இவ்வாயில் பாடசாலைக் காலத்திலேயே திறந்து மூடுவது. பதினாறு வயதில் அங்கு அழைக்கப்படாதவர் தம் ஆட்டம் முடிந்ததென்று கருதலாகாது.

இனி, மிகப் பலருடைய கனவாகிய அமெரிக்கப் பல்கலைக்கழக வழியைக் காண்போம். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுள் முதலாம் பிரிவில் மட்டும் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்டவை கூடைப்பந்தாட்ட அணிகளை வைத்துள்ளன. முதலிரு பிரிவுகளும் விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்கக்கூடியவை. மூன்றாம் பிரிவு விளையாட்டுக்கெனப் பரிசில் வழங்குவதில்லை. விக்ரோரியா மாநிலத்தின் சிற்றூராகிய மேரிபரோவைச் சேர்ந்த டெலவடோவா, கலிபோர்னியாவின் செயின்ற் மேரிஸ் கல்லூரியில் நான்காண்டுகள் ஆடினார். 2013 ஆம் ஆண்டுத் தெரிவில் எந்த அணியும் அவரைத் தெரியவில்லை. எனினும் கிளீவ்லண்ட் அணியில் முயன்று இடம்பெற்று, 2016 இல் அவ்வணியோடு அமெரிக்கத் தொழில்முறைப் பட்டத்தை வென்றார். போகட் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஈராண்டு ஆடியபின், 2005 ஆம் ஆண்டுத் தெரிவில் முதலாமவராக அழைக்கப்பட்டார்.

இவ்வழி செல்வோர் முன்கூட்டியே அறியவேண்டியவை சில உள. முதலாம் பிரிவிற் சேர விரும்புவோர், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூகக்கல்வி முதலிய அடிப்படைப் பாடங்களிற் பதினாறினை நிறைவு செய்திருத்தல் வேண்டும். பதினான்கு வயதில் கணிதத்தை அலட்சியம் செய்த பிள்ளை, பதினெட்டு வயதில் அதன் பயனை அனுபவிக்க நேரும். அன்றியும், அவுஸ்திரேலியப் பாடசாலை ஆண்டு மார்கழியில் முடிகின்றது. அமெரிக்கக் கல்வியாண்டோ ஆவணியளவில் தொடங்குகின்றது. இடைப்பட்ட எட்டு மாதங்களும் வீணாகக் கழியலாகாது. என்.பி.எல். வன் ஆட்டக்காலம் அவ்விடைவெளியிலேயே அமைவதால், வளர்ந்த ஆண்களோடும் பெண்களோடும் ஆடிப் பழக அது நல்வாய்ப்பாகும். ஆனால், கழகத்திடம் பணம் பெறுமுன்னரும், சேர்க்கையை மேலும் பிற்போடு முன்னரும் அமெரிக்கச் சங்கத்தின் விதிகளை விசாரித்தறிதல் அவசியம்.

அவ்விதிகளும் அண்மையில் மாறியுள்ளன. 2021 முதல் அமெரிக்க மாணவ வீரர்கள் தம் பெயரையும் புகழையும் கொண்டு பொருளீட்ட அனுமதிக்கப்பட்டனர். 2025 ஆடி மாதம் முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் வழங்கவும் வழி பிறந்தது. எனினும், வெளிநாட்டு மாணவருடைய விசாவில் தொழில் செய்வதற்குத் தடைகள் பல உள்ளமையால், அமெரிக்கச் சகமாணவன் பெறும் பணத்தை எளிதாகத் தாமும் பெறலாம் என்று அவுஸ்திரேலியப் பிள்ளைகள் எண்ணலாகாது. வீரர்கள் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறுவதும் எளிதாகிவிட்டது. அதனாற் பயிற்றுநர் பலர், பாடசாலை முடித்த இளையவரை விட, ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் ஆடிப் பழகியவரையே விரும்புகின்றனர். அழைப்புக் கடிதம் எழுதிய பயிற்றுநர் அடுத்த ஆண்டில் வேறிடம் போய்விடுவதும் உண்டு. ஆதலால், பயிற்றுநரை மட்டும் நம்பாமல், அங்கே கற்கப்போகும் பட்டத்தின் மதிப்பையும் நோக்கியே தெரிவு செய்தல் தகும்.

முதலாம் பிரிவு உடனே கைகூடாதவர்க்கு ஈராண்டுக் கல்லூரிகள் உண்டு. தென்சூடானியக் குடும்பத்திற் பிறந்து, சிறுவயதில் அகதியாகப் பேர்த் நகரை அடைந்தவர் டூவொப் ரீத். அவர் ரெக்சாஸ் மாநிலத்தின் ஈராண்டுக் கல்லூரியொன்றில் தொடங்கி, பின்னர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஐரோப்பாவிலும் சொந்த நாட்டிலும் ஆசியாவிலும் ஆடியபின், 2023 இல் அமெரிக்கத் தொழில்முறை அணியொன்றில் இடம்பெற்றார். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

கடல் கடவாது உள்நாட்டிலேயே தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்குதல் மற்றொரு வழி. ஆடவர் லீக் 2018 இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஸ்டார்ஸ் திட்டம், அமெரிக்கத் தெரிவை நாடும் இளையவருக்கு ஊதியத்தோடு இடமளிக்கின்றது. அதன்வழி அடிலெயிட் அணியிற் சேர்ந்த மெல்பேண் இளைஞர் ஜோஷ் கிடி, 2021 ஆம் ஆண்டுத் தெரிவில் ஆறாமவராக அழைக்கப்பட்டார். இத்தகையோர் மிகச் சிலர். ஜோ இங்கிள்ஸ் சென்ற வழியோ மெல்லச் செல்வது. அவர் 2006 இல் மெல்பேண் நகர அணியொன்றில் தொடங்கி, பின்னர் ஸ்பெயினிலும் இஸ்ரவேலிலும் ஆடி, இருபத்தேழாவது வயதில், 2014 ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க லீக்கை அடைந்தார். பதினெட்டு வயதிற் கிட்டாதது பின்னொருகாற் கிட்டுதலும் உண்டு என்பதற்கு இது சான்று.

இனி, விளையாட்டுத் தொழிலே கிட்டாத பெரும்பான்மையோரின் நிலை யாது? அவர்களுள் பலர் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்திற் பயின்றவாறே கழகத்துக்கு ஆடுகின்றனர். 1989 முதல் உள்ள அரசாங்கக் கடன் முறையின்படி, தகுதியுள்ள மாணவர் கட்டணத்தைப் பின்போட்டு, வருமானம் குறித்த அளவை எட்டியபின் செலுத்தலாம். உயர்நிலை வீரருக்குப் பரீட்சை நாளை மாற்றிக் கொடுத்து உதவும் பல்கலைக்கழகங்களும் பல. வேறு சிலர் மின்னியல், தச்சு முதலிய தொழில்களைப் பயிலுநராகச் சேர்ந்து கற்கின்றனர். ஊர் அரங்குகளில் இளம் வயதிலேயே மத்தியஸ்தராக நின்று ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பெறுவோரும், பயிற்றுநர் சான்றிதழ் பெறுவோரும், வீரரின் உடலைப் பேணும் இயன்மருத்துவம் கற்போரும் உளர். இவர்கள் அனைவரும் பந்தாட்டத்துக்குள்ளேயே வாழ்பவர்கள். இவர்களைத் தோற்றவர் என்பது பிழை.

உடலின் நிலையாமையையும் மறத்தலாகாது. முழங்காலினுள் இருக்கும் நாணொன்று அறுமாயின், ஏறத்தாழ ஓராண்டு ஆட்டம் இல்லை. இவ்விபத்து இளம் பெண்களுக்கு மிகுதியாக நேர்வதை மருத்துவர் கண்டுள்ளனர். அல்பரி என்னும் ஊரிற் பிறந்த லோறன் ஜாக்சன், 2001 இல் அமெரிக்க மகளிர் தெரிவில் முதலாமவராக அழைக்கப்பட்டு, மும்முறை அந்த லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரியானவர். அத்தகையவரையும் முழங்கால் நோவு 2016 இல் ஓய்வுபெறச் செய்தது. ஆறாண்டுகளின் பின், 2022 இல், அவர் மீண்டும் பந்தைக் கையிலெடுத்த இடம் அமெரிக்காவன்று. தம் ஊராகிய அல்பரியின் கழகமே. அங்கு ஆடியே தேசிய அணிக்குத் திரும்பி, அவ்வாண்டு சிட்னி உலகக் கிண்ணத்திலும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் வெண்கலப் பதக்கம் பெற்ற அணிகளில் இடம்பெற்றார்.

ஆகவே, பந்தும் கையுமாக நிற்கும் பிள்ளையிடம் பெற்றோர் கேட்கத்தக்க வினாக்கள் இரண்டே. நீ செல்லும் இடத்தில் உனக்கு உண்மையில் ஆட வாய்ப்புண்டா, அல்லது புகழ்பெற்ற அணியின் ஓரத்தில் ஆண்டு முழுவதும் அமர்ந்திருப்பாயா என்பது ஒன்று. நாளை முழங்கால் ஒத்துழையாவிடின், உன் கையில் எஞ்சும் பட்டமோ தொழிலோ யாது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடையுள்ள வழி கலிபோர்னியாவில் இருப்பினும் அல்பரியில் இருப்பினும் நல்வழியே. விடை கிட்டாதாயின், ஊர்க் கழகத்தில் ஓராண்டு ஆடி, படிப்பையும் விடாது, பொறுத்திருத்தல் குறைவன்று. அதற்குள் பிள்ளையின் உடலும் முதிரும். தன் ஆசையின் அளவையும் அது தானே அறிந்துகொள்ளும்.